நான்கு பைட்டில் தொலைந்த பேர்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் கணினிப் பக்கத்தில், வர்த்தகத் துறைக்கென உருவான பழைய நிரலாக்க மொழிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. ஒரு பதிவின் (ஓர் ஆளுக்குரிய தகவல் தொகுப்பின்) ஒவ்வொரு புலமும் (பெயர், சம்பளம் போன்ற ஒவ்வொரு தகவலும்) நினைவகத்தின் எந்த முகவரியில் தொடங்குகிறது என்று நிரலாளர் கவலைப்பட்டதெல்லாம் அந்தக் காலத்துத் தொல்லை என்றும், இன்றைய மாணவர் அதை அறிய வேண்டிய தேவை இல்லை என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். முப்பது வருடங்களுக்கு மேல் கோபோல் என்ற அத்தகைய மொழியில் சம்பள நிரல் எழுதிச் சீவித்தவன் என்ற வகையிலும், அந்தத் தொல்லை ஒரு தோட்டத் தொழிலாளியின் நான்கு வருட உழைப்பைத் தாளிலிருந்து துடைத்துவிட்டதைச் சென்ற வருடம் நேரில் பார்த்தவன் என்ற வகையிலும் இதற்கு மறுமொழி எழுதக் கடமைப்பட்டுள்ளேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும். பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்தளவு நினைவக இடம்; அந்தக் கணக்கைச் சுருக்கிச் சொன்னால் யாருக்கும் விளங்காது.

ஹட்டனுக்கு அப்பால் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், எங்கள் லயத்திலேயே (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இருந்த அக்கா ஒருவர் ஓய்வுபெற்ற பின் தமது பணிக்கொடைக் கணக்குக்காகத் தரப்பட்ட சேவைக்காலப் பட்டியலை என்னிடம் கொண்டுவந்தார். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, மாதச் சம்பளம் பெறாத தொழிலாளருக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட் சம்பளம் சேரும் என்பது வாசகர்கள் அறிந்ததே. ஆகவே எந்த வருடம் சேவையாக எண்ணப்படுகிறது, எது விடப்படுகிறது என்பது அவருக்குக் காசு விடயம். அவருடைய பட்டியலில் 1988 முதல் 1991 வரையான மாதங்களுக்கு நேரே பெயர் இருந்தது, இலக்கம் இருந்தது; விழுந்த பேர் (வேலைக்கு வந்ததாகப் பதியப்பட்ட நாட்கள்) 0, கிலோ 0, சம்பளம் 0 என்று இருந்தது. மழையென்றும் பனியென்றும் பாராமல் விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்ற மனிதருக்கு நான்கு வருடம் ஒரு பேர்கூட விழவில்லை என்று அச்சடித்திருந்தார்கள். "தம்பி, நான் அந்த நாலு வருசமும் எங்க போனேன்னு இந்தக் கடதாசி சொல்லுதா?" என்று அவர் கேட்டபோது, பட்டியலைத் தட்டச்சு செய்தவர் ஏதோ விட்டுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்படி எவரும் எதையும் விடவில்லை. தோட்டங்களின் முகாமைத்துவம் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறுவதற்கு முன், அக்காலச் செக்ரோல் (தொழிலாளரின் வேலை, சம்பளப் பதிவேடு) விபரங்கள் கொழும்பில் ஒரு பெரிய இயந்திரத்தில் கோபோல் நிரலொன்றின் மூலம் பதியப்பட்டிருந்தன. அவை இருந்த காந்த நாடாக்களின் பிரதிகள் பல கை மாறி, பல வருடங்களுக்குப் பின் ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் புதிய முறைமைக்கு மாற்றுவதற்காக ஒப்படைக்கப்பட்டன. நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கு வேலை செய்யும் இளைஞர் ஒருவர் நான் கேட்டவுடன் மூலக் கோப்பின் சில பதிவுகளைப் பைட் பைட்டாகப் பதினறும எண்ணில் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில்) அச்சிட்டு அனுப்பிவைத்தார். அந்தப் பண்புக்கு நன்றி சொல்லவும் வேண்டும்.

பதிவு எளிமையானது. தலையில் தொழிலாளியின் இலக்கம், 5 பைட். அடுத்து ஆங்கில எழுத்தில் பெயர், 20 பைட். மூன்றாவதாக அம்மாதம் விழுந்த பேர். அரைப்பேரும் உண்டு என்பதால் எல்லாவற்றையும் அரைப்பேராகவே எண்ணித் துவித எண்ணாக 2 பைட்டில் வைத்திருந்தார்கள். நான்காவது, குறித்த நிறைக்கு மேல் பறித்த கொழுந்தின் கிலோ, 4 பைட். ஐந்தாவது, மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்று காட்டும் ஓர் எழுத்து, 1 பைட். கடைசியாகக் கைக்கு வந்த சம்பளம், சதக் கணக்கில், 4 பைட். கூட்டினால் 36. ஆனால் கோப்பில் ஒவ்வொரு பதிவும் 40 பைட் நீளமாக இருந்தது. மாற்றியவர்கள் பழைய நிரலில் எழுதியிருந்த புலங்களைக் கூட்டிப் பார்த்து, 4 பைட் இடிப்பதைக் கண்டு, அது பதிவின் வாலில் விட்டுவைத்த வெற்றிடமாக இருக்கும் என்று தீர்மானித்துவிட்டார்கள். பார்வைக்கு நியாயமான தீர்மானம்தான். அக்காலத்தில் நாங்களும் பின்னாள் தேவைக்கென வாலில் இடம் விட்டு வைப்போம்.

உண்மையில் அந்த நான்கும் வாலில் இல்லை. பைட்டுகளை 0 முதல் எண்ணினால், பெயர் 24ஆம் பைட்டில் முடிகிறது. அடுத்து வரும் பேர் எண்ணிக்கை 2 பைட் துவித எண். அது இரட்டை முகவரியில்தான் தொடங்க வேண்டும் என்று நிரல் கேட்டிருந்தபடியால், நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பி 25ஐ வெறுமையாக விட்டு 26இல் தொடங்கியது. கிலோ 28இல் தொடங்குகிறது. 28 நான்கால் வகுபடும் ஆகையால் அங்கு இடைவெளி தேவைப்படவில்லை. பிரிவெழுத்து 32இல். சம்பளம் நான்கால் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும். 33, 34, 35 மூன்றையும் வெறுமையாக விட்டு 36இல் தொடங்கி 39இல் முடிகிறது. ஓரிடத்தில் 1, இன்னோரிடத்தில் 3, ஆக 4. இவற்றை நாங்கள் ஸ்லாக் பைட் என்போம். இந்தக் கடிதத்தில் இடைநிரப்பு என்று வைத்துக்கொள்கிறேன்.

இனி இந்தப் பதிவை இடைநிரப்பே இல்லாததுபோல் வாசித்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். அக்காவுக்கு ஒரு மாதத்தில் 26 நாள் பேர் விழுந்தது, அதாவது 52 அரைப்பேர். பதினறும எண்ணில் 52 என்பது 34. இரண்டு பைட்டில் 00 34 என்று 26, 27ஆம் இடங்களில் இருக்கிறது. புதிய நிரலோ 25, 26ஆம் பைட்டுகளை எடுத்தது. 25இல் இடைநிரப்பின் 00, 26இல் பேரின் முற்பாதியான 00. விடை 0. எஞ்சிய 34 என்ற பைட்டைக் கிலோவின் தலைப் பைட்டாக எடுத்துக்கொண்டதால், 120 கிலோ இருக்கவேண்டிய இடத்தில் 87 கோடியே 24 இலட்சத்து 15 ஆயிரத்து 232 கிலோ கொழுந்து வந்தது. பிரிவெழுத்தின் இடத்தில் கிலோவின் கடைசிப் பைட் வந்து அச்சிட முடியாத குறியானது. சம்பளத்தின் இடத்தில் பிரிவெழுத்தும் மூன்று இடைநிரப்புகளும் சேர்ந்து வந்தன. அந்த இயந்திரத்தின் எழுத்துக் குறியீட்டில் எழுத்துகளுக்கு முதல் பிட் 1 என்பதால் சம்பளம் மறை எண்ணாயிற்று.

இவ்வளவு அபத்தமான எண்கள் வந்தால் எவராவது கண்டுபிடித்திருக்க வேண்டாமா என்று வாசகர் கேட்பார். அங்கேதான் எனக்கு மிகவும் மனம் நொந்தது. புதிய முறைமையில் சரிபார்ப்பு நன்றாகவே எழுதப்பட்டிருந்தது: நடக்க முடியாத கிலோ வந்தால் 0 ஆக்கு, மறைச் சம்பளம் வந்தால் 0 ஆக்கு, அறியாத பிரிவெழுத்து வந்தால் வெற்றிடமாக்கு. விளைவு, கூச்சல் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய பிழை, வேலைக்கு வராத ஒரு தொழிலாளியின் அமைதியான பதிவாக மாறிவிட்டது. பெயரும் இலக்கமும் இடைநிரப்புக்கு முன்னால் இருப்பவை. அவை எல்லாப் பதிவிலும் சரியாகவே வந்தன. மாதிரிக்குச் சில பதிவுகளை எடுத்துப் பார்த்தவர்களும் பெயரைத்தான் பார்த்திருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இடைநிரப்பில் எப்போதும் 00தான் இருக்கும் என்று நம்பக்கூடாது. அது எவருக்கும் சொந்தமில்லாத இடம். எந்தப் புலத்துக்கும் எழுதும் கட்டளை அதைத் தொடாது. பதிவு முழுவதையும் சுழியத்தால் துடைத்துவிட்டு எழுதத் தொடங்கிய நிரலில் அது 00. முழுவதையும் வெற்றெழுத்தால் துடைத்த நிரலில், அந்த இயந்திரத்தில் அது 64 மதிப்புள்ள பைட். அச்சிட்டு வந்த தாள்களில் 1990ஆம் ஆண்டின் சில மாதங்கள் இப்படி இருந்தன. அவற்றில் பேர் 16384 என்று வந்து, அதையும் சரிபார்ப்பு 0 ஆக்கியிருந்தது. வேறு வேறு நோயெல்லாம் ஒரே மருந்துக்கு அடங்கியதுபோல் தெரிந்ததால், நோய் ஒன்றுதான் என்று எவருக்கும் தோன்றவில்லை.

இந்த எல்லை ஒழுங்கு, அதாவது ஓர் எண் இரண்டாலோ நான்காலோ வகுபடும் முகவரியில்தான் தொடங்கவேண்டும் என்ற விதி, ஏன் வந்தது என்பதைக் கட்டுரையாளர் சொல்லாமல் விட்டதால் நான் சொல்கிறேன். நினைவகத்தைப் பைட் பைட்டாக எண்ணினாலும் இயந்திரம் அதை இரண்டு, நான்கு, எட்டு என்ற கட்டுகளாகத்தான் எடுக்கிறது. எங்கள் பழைய லயங்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1க்கும் 2க்கும் இடையில் ஒரு கதவு, 3க்கும் 4க்கும் இடையில் ஒரு கதவு. 2க்கும் 3க்கும் இடையில் வெறும் சுவர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு காம்பிரா (அறை) தேவைப்படும் குடும்பத்தை 2இலும் 3இலும் குடிவைக்க முடியாது. 1இல் தனியாள் ஒருவர் இருந்தால் 2 பூட்டியே கிடக்கும்; குடும்பம் 3இல்தான் தொடங்கும். பூட்டிக் கிடக்கும் அந்தக் காம்பிராவே இடைநிரப்பு. அதற்கும் இலக்கம் உண்டு. எண்ணும்போது அதைத் தாண்டிக் குதித்தால் அடுத்த வீட்டுக் கடிதமெல்லாம் மாறிப் போகும்.

1964 ஏப்ரலில் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய சிஸ்டம்/360 இந்த ஒழுங்கைச் சட்டமாகவே வைத்தது. அரைச்சொல்லின் (2 பைட்) முகவரி இரண்டாலும், முழுச்சொல்லின் (4 பைட்) முகவரி நான்காலும், இரட்டைச்சொல்லின் (8 பைட்) முகவரி எட்டாலும் வகுபட வேண்டும். மீறினால் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். 0சி6 என்ற பிழைக் குறியை நாங்கள் பெயர் சொல்லித் திட்டுவோம். 1970இல் வந்த சிஸ்டம்/370 சாதாரணக் கட்டளைகளுக்கு இதைத் தளர்த்தியது: எல்லை தவறினாலும் வேலை நடக்கும், நேரம்தான் கூடும். இன்டெலின் 8086உம் அப்படியே; ஒற்றை முகவரியில் இருக்கும் 2 பைட் எண்ணை எடுக்க அது இரண்டு தடவை நினைவகத்துக்குப் போய்வரும். ஆனால் எல்லா இயந்திரமும் இவ்வளவு இளகிய மனம் படைத்ததல்ல. பழைய ஆர்ம் செயலிகளில் எல்லை தவறிய முகவரியிலிருந்து ஒரு சொல்லை எடுத்தால், பிழையென்று சொல்லாமலே பைட்டுகளைச் சுழற்றித் தந்துவிடும். நின்றுவிடும் இயந்திரத்தைவிட, பிழையான விடையுடன் தொடர்ந்து ஓடும் இயந்திரமே சம்பளப் பிரிவுக்கு ஆபத்தானது என்பது என் அனுபவம்.

1959இல் கூடிய குழுவின் வேலையால் 1960இல் வெளியான கோபோல், இந்த விடயத்தில் நிரலாளரின் கையிலேயே தெரிவை விட்டது. புலத்தின் விபரத்தோடு 'சிங்க்ரனைஸ்ட்' என்ற சொல்லை, சுருக்கமாக 'சிங்க்' என்று சேர்த்தால் அந்தப் புலம் தன் எல்லையில் அமரும். சேர்க்காவிட்டால் புலங்கள் நெருக்கியடித்து அமரும். ஐ.பி.எம். தொகுப்பியில் 4 இலக்கம் வரையான துவித எண் இரண்டின் எல்லையிலும், 5 முதல் 18 இலக்கம் வரையானது நான்கின் எல்லையிலும் அமரும். எழுத்துப் புலங்களுக்கும், பைட்டொன்றில் இரண்டு இலக்கமாக அடைக்கும் பக்டு டெசிமலுக்கும் இந்தச் சொல்லால் ஒரு மாற்றமும் இல்லை. காசுக் கணக்குக்கு நாங்கள் பெரும்பாலும் பக்டு டெசிமலையே நம்பியதற்கு, சதம் சிதறாது என்பதோடு இதுவும் ஒரு காரணம். அக்காவின் பதிவை எழுதியவர் சம்பளத்தைத் துவித எண்ணாக வைத்தது வேகத்துக்காக இருக்கலாம். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை; 1980களின் இயந்திர நேரத்தின் விலை எனக்கும் தெரியும்.

பழைய நிரலை வைத்துப் பதிவை அறிந்துகொள்வோம் என்று நம்புபவர் இங்கேதான் சறுக்குகிறார். நிரலின் வரிகளில் இடைநிரப்பு கண்ணுக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் 'சிங்க்' என்ற ஒரு சின்னச் சொல் மட்டுமே. புலங்களைக் கையால் வேறொரு தாளுக்கு எழுதியெடுப்பவர் முதலில் விட்டுவிடும் சொல்லும் அதுவே. அது போதாதென்று, இடைநிரப்பை எங்கே, எவ்வளவு போடுவது என்பதைக் கோபோல் தரநிலை தொகுப்பியைச் செய்தவரிடமே விட்டிருக்கிறது. எனவே ஒரே நிரலை இரண்டு தொகுப்பிகளிடம் கொடுத்தால் இரண்டு வடிவப் பதிவுகள் வரலாம். சரியான விடை இருக்கும் இடம் ஒன்றே ஒன்று: தொகுப்பி நிரலை மொழிபெயர்த்தபோது அச்சிட்ட பட்டியலின் பின்பகுதி. ஒவ்வொரு புலமும் தலையிலிருந்து எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, எத்தனை பைட் நீளம் என்று அதில் இருக்கும். அந்தப் பட்டியலை எவரும் பாதுகாப்பதில்லை. கந்தோரை வெள்ளையடிக்கும்போது முதலில் அடுப்புக்குப் போவது அதுதான்.

இது கோபோலின் குறைபாடு மட்டும் என்றும் எண்ணவேண்டாம். பி.எல்.ஒன் மொழியில் 'அலைன்ட்' (எல்லையில் அமர்வது), 'அன்அலைன்ட்' (எல்லை பாராதது) என்று இரண்டு பண்புகள் உண்டு. எண்ணுக்கு முன்னதும் எழுத்துக்குப் பின்னதும் சொல்லாமலே வந்துசேரும். அந்தத் தொகுப்பி இன்னும் சாமர்த்தியம் காட்டும்: இடைவெளியைக் குறைப்பதற்காக முன்னால் உள்ள புலத்தையே அடுத்த புலத்தை நோக்கி நகர்த்தும், அதனால் கட்டமைப்பே எல்லைக்குச் சற்றுத் தள்ளித் தொடங்கலாம். 1990களில் சிறிய கந்தோர்களுக்கெல்லாம் வந்த விசுவல் பேசிக்கின் கதை வேறு. 2 பைட் எண்ணையும் 4 பைட் எண்ணையும் ஒரு வகையாகக் கட்டி, அதன் நீளத்தை 'லென்' என்று கேட்டால் 6 என்னும். 'லென்பி' என்று கேட்டால் 8 என்னும். இரண்டும் உண்மை. நினைவகத்தில் இடைநிரப்போடு 8. கோப்பில் எழுதும்போது நெருக்கியடித்து 6. அந்தக் கோப்பை வேறு மொழியில் எழுதிய நிரலொன்று 8 என்று எண்ணி வாசித்தால் முதல் பதிவிலேயே தடம் புரளும்.

இன்றைய மொழிகளில் இது இல்லை என்ற கூற்றுக்கு வருகிறேன். சி மொழியில் ஓர் எழுத்து, ஒரு முழு எண், மீண்டும் ஓர் எழுத்து என்று கட்டினால் வழமையான இயந்திரங்களில் 12 பைட். முழு எண்ணை முதலில் வைத்தால் 8. ஒரே மொழி, ஒரே இன்டெல் செயலி, ஆனால் 32 பிட் லினக்ஸ், ஒரு கட்டமைப்புக்குள் வரும் 8 பைட் தசம எண்ணை நான்கின் எல்லையிலும், விண்டோஸ் எட்டின் எல்லையிலும் வைக்கும். சி ஷார்ப்பில் கட்டமைப்பின் புலங்கள் எழுதிய வரிசையிலும், வகுப்பின் புலங்கள் முறைமை விரும்பிய வரிசையிலும் அமரும். கம்பனிகள் நம்பியிருக்கும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில்கூட, 2 பைட் புலத்துக்கு அடுத்து 8 பைட் புலத்தை வைத்தால் இடையில் 6 பைட் வீணாகும். அட்டவணையில் புலங்களின் வரிசையை மாற்றினாலே வட்டில் இடம் மிஞ்சும்.

உயர்தர மாணவர்கள் எழுதும் பைதனிலேயே இதை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். 'ஸ்ட்ரக்ட்' என்ற தொகுதியிடம் ஓர் எழுத்தையும் அதன் பின் ஒரு முழு எண்ணையும் கொடுத்து எத்தனை பைட் என்று கேட்டால், நம் வீட்டுக் கணினிகளில் 8 என்று வரும். அதே வடிவத்துக்கு முன்னால் < என்ற, இடைநிரப்பு வேண்டாம் எனச் சொல்லும் குறியைப் போட்டுக் கேட்டால் 5 என்று வரும். எட்டுக்கும் ஐந்துக்கும் இடையில் போன மூன்று எங்கே என்று கேட்கும் மாணவருக்கு ஆசிரியர் விடை சொன்னால், அன்றைய பாடம் அதுவே போதும். வாரத்தில் இரண்டு நாள் மாலையில் நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் ஒருவர், "சேர், அப்ப அந்த மூணு பைட்டுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார். தரவை மாற்றி எழுதிய நிறுவனத்தில் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது.

தமிழ் வாசகருக்கு இன்னொரு காரணத்தாலும் இது நெருங்கிய விடயம். அக்காலப் பதிவில் பெயர் ஆங்கில எழுத்தில் 20 பைட். இப்போது சம்பளத் துண்டில் பெயர் தமிழில் வரவேண்டும் என்று கேட்கிறோம், நியாயமான கோரிக்கை. யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். முத்துலெட்சுமி என்ற பெயரில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்பதால் 14 குறிகள், ஆகவே 42 பைட். 20 பைட் இடத்தில் அந்தப் பெயர் பாதியிலேயே அறுந்துபோகும். சரி, பெயருக்கு 42 பைட் ஒதுக்குவோம் என்று அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினால், மேலே சொன்ன பதிவில் பெயர் 46ஆம் பைட்டில் முடியும், 47 இடைநிரப்பு, பேர் 48, 49இல், கிலோ நான்கின் எல்லைக்காக 52 வரை காத்திருக்கும். முன்பு இடைவெளியே இல்லாதிருந்த பேருக்கும் கிலோவுக்கும் நடுவில் இப்போது 2 பைட் புதிதாக முளைத்துவிட்டது. மொத்த இடைநிரப்பு 4இலிருந்து 6 ஆகும், பதிவு 64 பைட் ஆகும். பெயரை நீட்டியவர் கிலோவைத் தொடவே இல்லை. ஆனால் கிலோ நகர்ந்திருக்கிறது. சம்பள உயர்வும் இதே வேலையைச் செய்யும். நாட்சம்பளம் சதக் கணக்கில் நான்கு இலக்கத்துக்குள் அடங்கிய காலத்தில் 2 பைட் போதும். 2021 மார்ச்சில் வந்த 1000 ரூபாய் என்பது 100000 சதம், ஆறு இலக்கம், அதற்கு 4 பைட் வேண்டும். இரண்டின் எல்லை நான்கின் எல்லையாகும்.

எல்லா மாணவரும் கோபோல் படிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. தரவை ஒரு முறைமையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலையை ஒப்படைக்கும் கம்பனிகளும் நிதியங்களும் தொழிற்சங்கங்களும், புலத்தின் பெயரையும் நீளத்தையும் மட்டும் எழுதிய தாளை ஏற்கக்கூடாது என்றே கேட்கிறேன். ஒவ்வொரு புலமும் தொடங்கும் பைட்டின் இலக்கமும், நடுவில் உள்ள ஒவ்வொரு இடைநிரப்பும் தனி வரியில் எழுதப்பட்டு, அவற்றின் கூட்டுத்தொகை கோப்பிலுள்ள பதிவின் நீளத்துக்குச் சரியாக வரவேண்டும். வராவிட்டால் மிச்சத்தை வாலில் ஒட்டக்கூடாது. செக்ரோல் எழுதிய பழைய கிளாக்கர்மார் ஐந்து சதம் இடித்தாலும் விளக்கை அணைக்காமல் இருந்து தேடுவார்கள். நான்கு பைட்டுக்கு அந்த மரியாதை போதும். மாற்றிய பின் பெயரைப் பார்த்துத் திருப்திப்படாமல், பதிவின் கடைசிப் புலத்தை எடுத்து, அம்மாதத்துச் சம்பளத் துண்டோடு கையால் ஒப்பிட வேண்டும். இடைநிரப்பின் பிழை முழுவதும் வாலில்தான் வந்து சேரும். சரிபார்ப்பு ஒரு பெறுமதியை 0 ஆக்கும்போதெல்லாம், எதை 0 ஆக்கியது என்ற குறிப்பை வைத்திருக்க வேண்டும். நம் விடயத்தில் அந்தக் குறிப்பு இருந்திருந்தால், ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் கோடிக் கணக்கில் கிலோ வந்து 0 ஆனது முதல் நாளே தெரிந்திருக்கும்.

அக்காவின் பிரிவுக்குரிய கோப்பு, 40 பைட் வரைபடத்தைக் கொண்டு மீண்டும் வாசிக்கப்பட்டு, 1988 முதல் 1991 வரையான பேர் எல்லாம் திரும்ப வந்துவிட்டன. அதில் ஒரு மாதம் மட்டும் பேர் உண்மையாகவே 0. அது தம் மூத்த மகன் பிறந்த மாதம் என்று அவர் தாளைப் பாராமலே சொன்னார். அதே நாடாக்களிலிருந்து வந்த மற்றப் பிரிவுகளின் கோப்புகள், நான் இதை எழுதும் இன்றுவரை, பழைய 36 பைட் வரைபடத்தால் வாசிக்கப்பட்டபடியே இருக்கின்றன. அந்த வருடங்களில் வேலைசெய்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும், சேவைக்காலப் பட்டியலில் தொடர்ச்சியாக 0 வந்திருந்தால் அதை ஏற்றுக் கையொப்பமிட வேண்டாம். கையில் இருக்கும் பழைய சம்பளத் துண்டு ஒன்றாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு தோட்டக் கந்தோரில் எழுத்து மூலம் கேளுங்கள். ஒரு துண்டு, ஒரு மாதம் போதும். அதை வைத்தே பதிவு முழுவதையும் நேராக்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிரலாளர் ஒருவர்
ஹட்டன்